ஒழிக்க நினைத்தவர்களே பதிவு செய்தது ஏன்?

கேள்வி: அயர்லாந்தில் கத்தோலிக்கக் குருக்களை ஒழிக்கச் சட்டம் போட்டவர்கள், 1704-இல் அதே குருக்களை அரசுப் பதிவேட்டில் சேர்த்தார்களாமே, முரணாக இல்லையா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அயர்லாந்தின் புராட்டஸ்டன்ட் ஆட்சியாளர்கள் 1697-இல் போட்ட சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் கணக்கு புரியும். ஆயர்களும் துறவற சபைக் குருக்களும் 1698 மே 1-க்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். திரும்பி வந்தால் ராஜத்துரோகம், அதாவது மரண தண்டனை. ஆயர் இல்லாமல் யாருக்கும் குருப்பட்டம் கொடுக்க முடியாது. மிச்சமிருப்பவர்களைப் பங்குக்கு ஒருவர் என்று எழுதி வைத்துவிட்டால், அவர்கள் காலத்தோடு திருப்பலியும் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார்கள்.

பதிவில் பெயர், வயது, இருப்பிடம், பங்கு, எந்த ஆண்டு எந்த ஆயரிடம் பட்டம் பெற்றார் என்பதெல்லாம் உண்டு. தலா 50 பவுனுக்கு இருவர் பிணை நிற்க வேண்டும். மாவட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது, உதவிக் குரு கூடாது. 1,089 பேர் பதிந்தார்கள்.

கொடுமை அதற்குப் பிறகுதான். பதவியிழந்த கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸின் மகனான ஸ்டூவர்ட் வாரிசுக்கு அரியணையில் உரிமையே இல்லை என்று 1710 மார்ச் 25-க்குள் சத்தியம் செய்யச் சொன்னது 1709-ஆம் ஆண்டுச் சட்டம். முப்பத்துச் சொச்சம் பேர்தான் செய்தார்கள். மற்றவர்களின் பதிவு பயனற்றுப் போனது; பெயரும் ஊரும் மட்டும் அரசின் கையில் இருந்தன. ஆயரைப் பிடித்துக் கொடுத்தால் 50 பவுன், துறவிக்கோ பதியாத குருவுக்கோ 20. அந்தப் பணத்தையும் அந்தந்த மாவட்டக் கத்தோலிக்கர்களிடமே வசூலித்தார்கள்! கத்தோலிக்கர் எவரையும் இரண்டு நீதிபதிகள் அழைத்து, கடைசியாக எங்கே பூசை கண்டாய், வைத்தது யார், உடன் இருந்தது யார் என்று கேட்கலாம். பதில் சொல்ல மறுத்தால் 20 பவுன் அபராதம் அல்லது ஓராண்டுச் சிறை. அதனால்தான் சில இடங்களில் குரு திரைக்குப் பின்னால் நின்று பூசை வைத்தார்: முகத்தைப் பார்க்கவில்லை என்று மக்கள் பொய்யில்லாமல் சொல்லலாம். அக்காலத்துப் பூசைக் கிண்ணங்கள் பலவற்றில் கிண்ணம், தண்டு, அடிப்பாகம் மூன்றையும் திருகிக் கழற்றித் தனித்தனியே ஒளித்துவிடலாம்.

திட்டம் பலிக்கவில்லை. லூவேன், பாரிஸ், சலமான்கா கல்லூரிகளில் படித்த குருக்கள் கடல்வழியே வந்துகொண்டே இருந்தார்கள். காட்டிக்கொடுப்பவர்களை ஊர் சும்மா விடவில்லை. 1718-இல் டப்ளினில் குருக்களைப் பிடித்துக் கொடுத்த கார்சியா என்பவரை அரசு தன் டப்ளின் கோட்டைக்குள் வைத்துக் காக்க வேண்டியிருந்தது. 1731-இல் அரசு எடுத்த கணக்கில் குருக்கள் 1,445 பேர்.

கேள்வி: புனித ஒலிவர் பிளங்கெட் இந்தச் சட்டங்களால் கொல்லப்பட்டவரா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: இல்லை. அர்மா பேராயரான அவரைப் பொய்யான சதி வழக்கில் 1681 ஜூலை 1 அன்று லண்டனின் தூக்குமேடை இருந்த டைபர்னில் கொன்றார்கள். நாம் மேலே பார்த்த சட்டங்கள், அயர்லாந்துப் போரை முடித்த 1691 லிமரிக் உடன்படிக்கைக்குப் பிறகு வந்தவை.