ரூமா கடாங் கூரையும் நகைப்பெட்டி மூடியும்

வணக்கம் சார்,
மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவு வீடான ரூமா கடாங் வடிவில் பித்தளை நகைப்பெட்டி செய்கிறேன். கூரைக்கு இரண்டு செவ்வகத் தகடுகளை வளைத்துச் சாய்த்து வைத்தால் நடுவில் ஒட்டுகிறது, இரு முனையிலும் விலகுகிறது. தட்டிச் சேர்க்கலாமா? இந்தக் கூரைதான் பெட்டிக்கு மூடி, அதற்குப் பின்பக்கம் கீல் போடலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

தட்டாதீர்கள், தகடு நெளிந்துவிடும். கோளாறு வெட்டியதில்தான். வளைத்த தகட்டைச் சாய்த்ததும் அதன் முனைகள் மேலே போவதோடு வெளிப்பக்கமும் தள்ளிப்போகும். அந்த இடைவெளி அடைபட, மேல்விளிம்பையே முனைகளை நோக்கி உயரும் வளைவாக வெட்ட வேண்டும். சரிவு 60 டிகிரி, நடுவைவிட முனை 30 மி.மீ. உயரம் என்று வையுங்கள். வளைக்குமுன் தகட்டில் முனை 26 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும், தகட்டை வளைக்கும் ஆழமோ 15 மி.மீ.தான். முதலில் அட்டையில் வெட்டி ஒட்டிப் பாருங்கள்.

கூரைக்குப் பித்தளை வேண்டாம். அசல் வீட்டில் அது இஜுக் என்ற கரிய பனைநாரால் வேய்ந்தது. 0.8 மி.மீ. செம்புத் தகட்டைக் காய்ச்சி ஆற்றினால் கையிலேயே வளையும், லிவர் ஆஃப் சல்பர் என்ற கந்தகக் கரைசலில் அழகாகக் கறுக்கும். பித்தளையில் அந்தக் கறுப்பு சரியாகப் பிடிக்காது. கொஞ்சோங் என்ற கூர்முனைகளைத் தனிக் கம்பியில் ராவி, பற்றுப்பொடி வைத்து ஊதிப் பற்றவையுங்கள். நுனியை மழுக்கிவிடுங்கள், கையைக் குத்தும்.

கீல் வேண்டாம் என்பேன். பின்பக்கம் திறந்தால் தாழ்வாரம் சுவரில் இடிக்கும். கனமான மூடி பெட்டியையே சாய்த்துவிடும். தூக்கி எடுக்கும் மூடியே நல்லது. ஒன்றைக் கவனியுங்கள்: இந்த வீட்டின் சுவர்கள் மேலே போகப்போக வெளியே சாய்பவை. 5 டிகிரி சாய்த்தால், பெட்டியின் வாயிலிருந்து 6 மி.மீ. ஆழத்தில் உள்பக்கம் பக்கத்துக்கு அரை மி.மீ. குறுகும். மூடியின் உள்விளிம்பைச் செங்குத்தாக வைத்து 0.3 மி.மீ. இடைவெளி விட்டால் இறுகிக்கொள்ளும். 0.8 விடுங்கள்.

சுவர்ப் பூவேலையைத் தகடு தட்டையாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மூங்கில் குருத்து வடிவமான புச்சுக் ரபுவாங் முக்கோணம் என்பதால் சின்னச் சுவரிலும் தெளிவாக நிற்கும். தாயிடமிருந்து மகளுக்குப் போகும் வீடு இது. நகைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் ஏது!

உள்ளே கம்பளித் துணி ஒட்டாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பருத்தி வெல்வெட் போதும். கறுப்பேற்றிய கூரையையும் சோடா உப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே பெட்டியை மூடுங்கள்.