கண் இமை ஓரத்தில் இருக்கும் மருவை லேசரில் எடுக்கலாமா?

உங்கள் அம்மாவுக்கு 58 வயது, வலது மேலிமை ஓரத்தில் மிளகளவு மரு, லேசரில் எடுத்தால் பார்வைக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இடது மேலிமையில் அதே மாதிரி இருந்தது. போன தை மாதம்தான் எடுத்தேன்.

எடுக்கலாம். ஆனால் யாரிடம் போகிறீர்கள் என்பது முக்கியம். நான் முதலில் போன அழகு நிலையத்தில், பார்த்த உடனே "ரெண்டு நிமிஷ வேலைங்க, சுட்டு எடுத்துடலாம்" என்றார்கள். ஊரில் அத்தையோ சுண்ணாம்பு வைக்கச் சொன்னார். தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். சுண்ணாம்பு கண்ணுக்குள் போனால் கருவிழியே வெந்துவிடும்.

கடைசியில் இமை அறுவை சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்ற கண் டாக்டரிடம் போனேன். அவர் மருவைப் பார்த்ததைவிட இமை ஓரத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம். முடி வரிசைக்குச் சற்று உள்ளே, புள்ளி வைத்த மாதிரி எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் இருக்கின்றன. மேலிமையில் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை. 1666-இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மைபோம் பெயரால் மீபோமியன் சுரப்பிகள் என்கிறார்கள். இதில் வரும் எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் மேலே படலமாக நிற்கிறது.

டாக்டர் பஞ்சுக்குச்சியால் இமையை லேசாக அழுத்தினார். தெளிவாக வர வேண்டிய எண்ணெய், எனக்குப் பற்பசை மாதிரி கெட்டியாக வந்தது. "மார்கழியில தேங்காய் எண்ணெய் உறையுதுல்ல, அதே கதைதாம்மா. வெயில்ல வைக்கிற மாதிரி இதுக்கும் சூடு காட்டணும்" என்றார். நாள் முழுக்க கணினியில் மெய்ப்புத் திருத்தும் எனக்கு ஏன் சாயங்காலமானால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. திரையைப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைகிறது. இமைத்தால்தான் எண்ணெய் வெளியே வரும்.

இரண்டு வாரம் ஒத்தடம் கொடுத்த பிறகுதான் மருவில் கை வைத்தார். சொட்டு மருந்தில் கண் மரத்த பிறகு, எவர்சில்வரில் செய்த கான்டாக்ட் லென்ஸ் மாதிரி ஒரு மூடியைக் கண்ணுக்குள் வைத்தார்கள். லேசர் ஒளி கருவிழியில் படாமல் காப்பது அதுதான். பார்வையைப் பற்றிய உங்கள் பயத்துக்கு இதுவே பதில். அப்புறம் இமையில் ஒரு ஊசி. அந்த ஒரு நொடி சுரீரென்றது. கார்பன் டை ஆக்சைடு லேசர் திசுவில் இருக்கும் நீரைச் சூடாக்கி ஆவியாக்குகிறது, ரத்தம் அதிகம் வராது. முடி கருகும் வாசனை வந்தது. பத்தே நிமிடம், தையல் இல்லை. பொருக்கு எட்டாம் நாள் தானாக உதிர்ந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். லேசர் ஆவியாக்கிவிட்டால் பரிசோதனைக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. அதனால் என் டாக்டர் மேல்பகுதியைக் கத்தியால் சீவி பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பிவிட்டு, அடிப்பகுதிக்கு மட்டும் லேசர் வைத்தார். சாதாரண பாப்பிலோமா, அதாவது புற்றுநோய் இல்லாத மரு என்று முடிவு வந்தது. அம்மாவுக்கு அந்த இடத்தில் இமை முடி கொட்டியிருந்தால், புண்ணாகி ரத்தம் கசிந்தால், கண்கட்டி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், லேசர் பேச்சையே விட்டுவிட்டு முதலில் பயாப்ஸி கேளுங்கள். எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் சாதாரணக் கட்டி மாதிரியே வேஷம் போடும். மேலை நாடுகளைவிட நம் நாட்டில் இமைப் புற்றுநோய்களில் அதன் பங்கு அதிகம்.

மஞ்சளாகத் தட்டையாக இருந்தால் அது கொழுப்புப் படிவு, ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பார்க்க வேண்டும். எடுத்தாலும் திரும்ப வரலாம்.

நான் இன்றும் காலையில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, புறங்கையில் வைத்து சூடு பார்த்துவிட்டு, மூடிய இமை மேல் ஐந்து நிமிடம் வைக்கிறேன். ஆறினால் மறுபடி நனைக்க வேண்டும். பிறகு இமையை முடி இருக்கும் பக்கமாக நீவிவிடுவேன். இமையின் உள் ஓரத்தில் மை தீட்டுவதை விட்டுவிட்டேன், அது சுரப்பி வாயை அடைக்கிறது.

அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றாலோ, சர்க்கரை இருந்தாலோ முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.