டொக்டரிடம் கேளுங்கள்: கண் மருத்துவருக்கு ஆய்வுப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு கண் பிரிவில் வைத்திய அதிகாரியாக இருக்கிறேன். எம்.டி. தெரிவுப் பரீட்சைக்குப் படிக்கிறேன். ஆய்வு செய்யவும் ஆசை. தேடிப் பார்த்தால் அமெரிக்காவின் கே-08, கே-23 என்றுதான் வருகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு வழி ஏதும் இருக்கிறதா?
— வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, அந்தப் பக்கத்தை மூடி வையுங்கள். கே-08உம் கே-23உம், டொக்டர்மார் ஆய்வு பழகுவதற்கு அமெரிக்காவின் தேசிய கண் நிறுவகம் கொடுக்கிற காசு. அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவுரிமை உள்ளவர்களுக்கும்தான் கிடைக்கும். மூடுவதற்கு முன் நிபந்தனை ஒன்றை மட்டும் வாசியுங்கள். காசு எடுப்பவர் தன் வேலை நேரத்தில் 75 வீதத்தை ஆய்வுக்கே கொடுக்க வேண்டுமாம். சத்திர சிகிச்சை செய்பவர்களுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. வாசித்துவிட்டுச் சிரித்தேன். கிளினிக் நாளில் எனக்கு ஆய்வுக்குக் கிடைத்த நேரமென்றால் கரண்ட் போனதிலிருந்து ஜெனரேட்டர் போடும் வரைக்கும்தான்.

இனி உங்கள் விஷயம். நான் எப்படித் தொடங்கினேன், எங்கே சறுக்கினேன் என்று சொன்னால் உங்களுக்கு உதவும்.

மாசி மாத வெட்டுக் காலம். வெள்ளாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவையை இங்கே பாதை என்போம்) ஏறி, பிறகு பஸ் பிடித்து வந்திருந்தார். நெல் சுணை கண்ணில் அடித்து ஒன்பது நாள். வீட்டில் தாய்ப்பால் விட்டார்கள், நந்தியாவட்டைப்பூச் சாறும் விட்டார்கள். மறுகா யாரோ ஒரு மருந்துக் கடையில் ஸ்டீரொயிட் துளி கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கண்டதும், “பெரிய டொக்டர் எப்ப வருவார் பிள்ள?” என்று கேட்டார். நான்தான் அந்தப் பெரிய டொக்டர் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

ஸ்லிட் லாம்பில் பார்த்தால் கருவிழியில் சாம்பல் வெள்ளைப் புண். ஓரம் நேராக இல்லை, இறகு பிய்ந்த மாதிரி. பக்கத்தில் இரண்டு சின்னப் புள்ளிகள். சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் ஒரு துளி விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அறுந்த நூல் துண்டுகள் போலப் பங்கசு கிடந்தது. அந்த வாரமே இன்னும் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் வயலிலிருந்துதான்.

அன்று பின்னேரம் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக் கோடு போட்டேன். பெயர், ஊர், என்ன பட்டது, பார்வை, சுரண்டல் முடிவு, கொடுத்த மருந்து. இரண்டு பெரும்போகம் முடிய எழுபது சொச்சம் பேர் சேர்ந்தார்கள். கட்டுரையாக்கி ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினேன். ஆறு மாதத்தில் திரும்பி வந்தது. அறநெறி அனுமதி முன்கூட்டியே எடுக்கவில்லை என்பது முதல் குற்றம். அடுத்தது இன்னும் வெட்கம். பார்வை 6/60 என்று எழுதியிருக்கிறேனே, அது கண்ணாடி போட்டா, போடாமலா? எனக்கே தெரியவில்லை. காயம் பட்டு எத்தனையாம் நாள் வந்தார்கள் என்பதற்குக் கொப்பியில் நிரலே கிடையாது. வாவி கடந்து வருகிற சனத்துக்கு அதுதானே முக்கியமான கேள்வி! மண்முனைப் பாலம்கூட 2014இல்தான் திறந்தது. அதற்கு முன் அங்கேயும் பாதைதான்.

இதே புண்ணை வைத்து மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். நேபாளத்தில் பக்தபூர் கிராமங்களில், கண்ணில் கீறல் பட்டவர்களைத் தொண்டர்கள் தேடிப் பிடித்து ஒரு வீதக் குளோரம்பெனிக்கோல் களிம்பு பூசினார்கள். 2001இல் வெளிவந்த முடிவின்படி, காயம் பட்டு 18 மணித்தியாலத்துக்குள் பூசத் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. தென்னிந்தியாவில் அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியாவின் புரொக்டர் நிறுவனமும் சேர்ந்து 323 நோயாளிகளில் இரண்டு மருந்துகளைப் பரீட்சித்தன. விலை கூடிய புதிய வொரிக்கோனசோலை விடப் பழைய நட்டாமைசின் துளியே நல்லது, அதுவும் பியூசாரியம் பங்கசுக்கு என்று 2013இல் எழுதினார்கள். அங்கேயும் வந்தவர்களில் வயல் வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். நம்மிடம் இல்லாத நோயாளி எவரும் அவர்களிடம் இருக்கவில்லை. கேள்வியை முதலே எழுதி, அனுமதி எடுத்து, எல்லாரையும் ஒரே மாதிரி அளந்தார்கள். ஆய்வுப் பயிற்சி என்றால் பெரும்பாலும் அந்த அளக்கிற பழக்கம்தான்.

ஆகவே உங்களுக்கு இப்போதே கிடைப்பது: லண்டன் சுகாதார, வெப்பவலய மருத்துவக் கல்லூரியின் சர்வதேச கண் சுகாதார நிலையம் இணையத்தில் இலவசப் பாடங்கள் நடத்துகிறது. அவர்களுடைய கண் சுகாதார சஞ்சிகை 1988இலிருந்து வருகிறது, அதுவும் இலவசம். பரீட்சைப் புத்தகம் அலுத்த இரவுகளில் அதை வாசியுங்கள். அறநெறி அனுமதிக்குக் கொழும்புக்கு ஓட வேண்டாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்திலேயே மீளாய்வுக் குழு இருக்கிறது. கேள்வி சின்னதாக இருக்கட்டும். “வெட்டுக் காலத்தில் கண் காயத்தோடு வருகிறவர்கள் எத்தனையாம் நாள் வருகிறார்கள், முதலில் எங்கே போகிறார்கள்” என்பதே போதும். கொப்பியில் அந்த நிரலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கண் மருத்துவத்தில் எம்.டி. முடித்து சீனியர் றெஜிஸ்ட்ராராக இருக்கிறேன். வெளிநாட்டுப் பயிற்சி வருடம் வருகிறது. சத்திர சிகிச்சைக் கைப்பழக்கம் எடுப்பதா, ஆய்வு படிப்பதா என்று குழப்பம். எங்கே போகலாம்?
— வாசகி, கல்முனை

பதில்: மகள், அந்த வருடத்தில் கையைத்தான் பழக்குங்கள். திரும்பி வந்தால் விழித்திரைக்கும் கண் அழுத்தத்துக்கும் சனம் உங்களைத்தான் தேடி வரும். பட்டப்பின் மருத்துவ நிறுவகம் கேட்கிற ஆய்வைக் கடமைக்குச் செய்து முடிக்காமல், ஒழுங்காகச் செய்து அச்சில் கொண்டுவாருங்கள். பிற்பாடு எந்த விண்ணப்பத்திலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆய்வுக்கென்றே போக நினைத்தால் பக்கத்திலேயே மூன்று இடங்கள். மதுரை அரவிந்த், 1976இல் டொக்டர் கோ. வெங்கடசாமி 11 கட்டிலோடு தொடங்கியது. ஆய்வுக்கெனத் தனி அமைப்பே வைத்திருக்கிறார்கள், நோயாளியோடு தமிழிலேயே கதைக்கலாம். சென்னையில் சங்கர நேத்ராலயா. ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் நிறுவனம். என்னைக் கேட்டால் மதுரையைத்தான் சொல்வேன். வெயிலும் வயலும் நம்முடையது போல, வருகிற நோயும் நம்முடையது போல.

கண் மருத்துவத்துக்கான சர்வதேச கவுன்சில் வளரும் நாடுகளின் இளம் கண் மருத்துவர்களுக்கு மூன்று மாதப் புலமைப்பரிசில் கொடுத்து வந்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் அது சிகிச்சைத் திறமைக்கு. மூன்று மாதத்தில் ஆய்வு படித்துவிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள். திரும்பி வந்து சொந்த நாட்டில் வேலை செய்ய வேண்டும் என்பதும் அதன் நோக்கம்.

ஒரு வருடம் ஒதுக்க முடியுமென்றால் லண்டன் கல்லூரியின் கண் பராமரிப்புக்கான பொதுச் சுகாதார முதுமாணி. நோயை எண்ணுவது, மாதிரி எடுப்பது, புள்ளிவிபரம், கடைசியில் சொந்த ஆய்வறிக்கை என்று முழுக்க ஆய்வுதான். காசு பெரிய காசு, ஆகவே பொதுநலவாயப் புலமைப்பரிசிலோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். அதற்குரிய கட்டுரையில் “என் நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்” என்று பொதுவாக எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கண்டி மாவட்டக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 1375 பேரின் கண்ணைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. மலையும் மழையுமான ஊர் அது. கரையோரத்தில் வெயிலிலும் உப்புக் காற்றிலும் வலை இழுக்கிறவனின் கண்ணில் சதை வளர்ந்து கருவிழிக்கு ஏறுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அதைப் போய் எண்ணப் போகிறேன், இப்படி எண்ணப் போகிறேன் என்று எழுதுங்கள், வாசிப்பார்கள்.

கேள்வி: உம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் கண்ணுக்குள் படம் எடுத்து ஓர் ஆய்வில் சேர்க்கப் போவதாகச் சொல்லி, ஆங்கிலத்தில் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். உம்மா பயந்து வந்துவிட்டா. போடலாமா?
— வாசகர், சம்மாந்துறை

பதில்: பயம் வேண்டாம், ஆனால் அந்தத் தாளில் அப்படியே கையெழுத்தும் வேண்டாம். தமிழில் தாள் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. என்ன செய்யப் போகிறார்கள், படத்தில் பெயர் இருக்குமா, எந்த அறநெறிக் குழு அனுமதித்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு பிரதி வீட்டுக்கு வர வேண்டும். உம்மா சேராவிட்டாலும், பாதியில் விலகினாலும் அவவுடைய வழமையான சிகிச்சை ஒரு துளியும் குறையக் கூடாது. அதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். இளம் டொக்டர்மார் இதை வாசித்தால் கோபிக்கட்டும், நானும் ஒரு காலத்தில் அவசரத்தில் தாளை நீட்டியவள்தான்.

படம் எடுப்பதோ நல்ல விஷயம். பதினைந்து வருடச் சீனியென்றால் ஆய்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். பார்வை தெளிவாக இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தாலும் வெளியே தெரியாது. கண்மணியை விரிக்கத் துளி விட்டால் சில மணித்தியாலத்துக்கு வெளிச்சம் கூசும், கிட்டத்தில் எழுத்துத் தெரியாது. அன்று உம்மாவைத் தனியே அனுப்பாமல் கூடப் போங்கள், ஒரு குடையும் கொண்டுபோங்கள்.