படிவத்தில் நிரப்பிய விவரம் தரவுத்தளத்தில் சேராதது ஏன்?

இணையப் படிவம் விவரங்களைச் சேமிக்கும் இடமன்று; அவற்றைச் சேவையகத்துக்கு அனுப்பும் வாசல் மட்டுமே. வாங்கித் தரவுத்தளத்தில் எழுதுவது சேவையகத்தில் உள்ள நிரலின் வேலை.

பாம்பன் கரையில் வண்டியேறும் மீன்பெட்டியை எண்ணிப் பாருங்கள்: உரியவர் பெயர் எழுதாத பெட்டி, உள்ளே எவ்வளவு நல்ல மீன் இருந்தாலும், யார் கணக்கிலும் ஏறாது. அவ்வாறே, படிவத்தின் HTML நிரலில் கட்டத்துக்குப் பெயரிடும் 'நேம்' (name) என்னும் பண்பு குறிக்கப்படாத கட்டத்தில் எதை நிரப்பினாலும், வழக்கமான சமர்ப்பிப்பில் உலாவி அதை அனுப்புவதே இல்லை. எந்த எச்சரிக்கையும் தராத பிழை என்பதால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். உலாவியின் உருவாக்குநர் கருவிகளில், அனுப்பப்படுவதைக் காட்டும் நெட்வொர்க் (Network) பகுதியில் எல்லா விவரங்களும் போவது தெரிந்தால், குறை சேவையகப் பக்கம் இருக்கிறது: அங்குள்ள பிழைப் பதிவைப் படியுங்கள், சில நேரங்களில் எழுதியதைத் தரவுத்தளத்தில் நிலைப்படுத்தும் 'கமிட்' (commit) கட்டளை விடுபட்டிருக்கும்.

"பதிவாகிவிட்டது" என்ற செய்தி தோன்றினாலே விவரம் சேமிக்கப்பட்டதாகப் பலர் நம்புகிறார்கள். தரவுத்தளத்தின் விடையைச் சோதிக்காமலே நிரல் அதைக் காட்டக்கூடும் என்பதால், தரவுத்தள அட்டவணையைத் திறந்து பார்ப்பதே சான்று.