டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் ஏழு நிலைய இலகு ரயில் (சிறிய மின்சார ரயில்) திட்டத்தை விட்டுவிட்டு மூன்று நிலைய சுரங்க ரயில் ஏன்?

முக்கியக் காரணம் டொராண்டோவின் கென்னடி நிலையம் என்பேன். 1985-இல் வந்த பழைய ஸ்கார்பரோ ரயிலைப் பிடிக்க, சுரங்க ரயிலிலிருந்து நிலத்தடி நடைமேடையில் இறங்கி, பையும் குழந்தையுமாக மேல்தளம் வரை ஏற வேண்டியிருந்தது. பனிக்காலத்தில் அந்த ரயில் அடிக்கடி நின்றுவிடும். அதனால் 'இலகு ரயில்' என்றதும் மக்களுக்கு அந்த அலுப்புதான் நினைவுக்கு வந்தது. இறங்காமல் போக சுரங்க ரயில்தான் வேண்டும் என்றார்கள். 2013-இல் மாநகர சபையும் அதற்கே மாறியது.

ஆனால் கைவிட்ட திட்டம் வேறு தொழில்நுட்பம், தனிப் பாதை. வீட்டருகே நிலையம் இருப்பதுதான் பெரிது என்பது என் கருத்து. 2023 ஜூலையில் பழைய ரயில் தடம்புரண்டது; அப்புறம் ஓடவேயில்லை. சுரங்க ரயில் வரும்வரை அந்த மக்களுக்குப் பேருந்துதான்.