காசில் கை வைக்கும் பாஸ்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில், விளையாட்டுகளில் காசு பறிக்கும் பாஸ்களை (வீழ்த்த வேண்டிய பெரிய எதிரிகளை) பற்றியவைதான் அதிகம். உயிரைக் குறைக்கும் பாஸைப் பற்றி யாரும் புலம்பி எழுதுவதில்லை, காசில் கை வைத்தால்தான் கடிதம் வருகிறது. முதல் கேள்விக்கு நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

கேள்வி: நான்கு பேர் ஒரே அணியாகச் சேர்ந்து ஆடும் சீட்டு விளையாட்டு ஒன்றை நாங்களே உருவாக்குகிறோம். ஆளுக்கு 6 காசுடன் தொடங்குவோம். ஒவ்வொரு சுற்றிலும் 3 காசு வரும், அதைக் கொடுத்துத்தான் சீட்டை இறக்க வேண்டும். கடைசி பாஸ் வந்ததும், காசு வந்த கையோடு ஆளுக்கு 4 காசு பிடுங்கிக்கொள்ளும். எல்லாரும் சுழியத்துக்கு வந்தால் தோல்வி. மூன்றாவது சுற்றுக்குள் இரண்டு பேர் வெறும் கையோடு உட்கார்ந்துவிடுகிறார்கள், காசு மிச்சம் இருக்கும் ஒருவரே எல்லாவற்றையும் முடிவு செய்கிறார். பாஸ் தப்பா, நாங்கள் ஆடுவது தப்பா?

பதில்: பாஸ்தான் தப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் சுற்றில் ஒருவர் அணிக்காக 3 காசு செலவழித்து அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 6 இருந்தது, 3 வந்தது, 4 போனது, மீதி 5, அதில் செலவு 3, கையில் 2. அடுத்த சுற்றில் 2 + 3 − 4, ஆக 1. அதற்கடுத்த சுற்றில் 0. அவர் கதை அதோடு முடிந்தது. எதுவுமே செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவருக்கோ 5, 4, 3 என்று மெதுவாகத்தான் இறங்குகிறது. அதாவது உங்கள் பாஸ் அணிக்கு உதவியவரைத் தண்டித்துவிட்டுக் கஞ்சனைத் தலைவராக்குகிறது. அவர் அதிகாரம் செய்கிறார் என்று அவரைக் கோபித்துப் பயனில்லை, விதி அவர் கையில் கொடுத்ததைத்தான் அவர் செய்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. 4 காசு போகும் என்று தெரிந்தும் அதைத் தடுக்க யாராலும் எதுவும் செய்ய முடியாது என்றால், நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் மிச்சம். நல்ல திருட்டு என்றால் (பாஸ் செய்யும் திருட்டைத்தான் சொல்கிறேன்) திருடுவதற்கு முன்னால் ஆடுபவர் யோசிக்க வேண்டும், இதைச் செலவழிப்பதா வைத்துக்கொள்வதா என்று. அதனால் பிடுங்கும் நேரத்தைச் சுற்றின் கடைசிக்கு மாற்றுங்கள். செலவழித்தது போக ஒவ்வொருவரிடமும் மிச்சம் இருப்பதில் பாதியைப் பாஸ் எடுத்துக்கொள்ளட்டும், ஒற்றைப்படையாக வந்தால் கூடுதல் காசும் அதற்கே. தொடக்கத்தில் கொடுக்கும் 6 காசை எடுத்துவிடுங்கள், வெறும் கையோடு தொடங்கட்டும். எல்லாரும் சுழியமானால் தோல்வி என்பதையும் தூக்கிப்போடுங்கள், இனி சுழியம் என்பது சாதாரண விஷயம்.

இப்போது வேறு சிக்கல் வரும். எல்லாரும் இருப்பதையெல்லாம் செலவழித்துவிட்டு ஹாயாக இருப்பார்கள், பாஸுக்கு ஒரு காசும் கிடைக்காது. ஆகவே சேமிக்கத் தூண்டும் சீட்டு ஒன்று வேண்டும், சாதாரண அடியைப் போலப் பல மடங்கு அடிக்கிற 8 காசுச் சீட்டு என்று வைப்போம். தனியாக ஒருவர் சேமித்தால் என்ன ஆகும்? 3 வரும், 2 போகும், மீதி 1. அடுத்து 4 ஆகும், 2 போகும், மீதி 2. அடுத்து 5, அதில் 3 போய் மறுபடி 2. இனி எத்தனை சுற்று காத்திருந்தாலும் கையில் 5-ஐத் தாண்டாது. அந்த 8 காசுச் சீட்டைத் தனியாளால் எந்தக் காலத்திலும் இறக்க முடியாது. இங்கேதான் கூட்டு வருகிறது: சீட்டை இறக்கும் நேரத்தில் மட்டும் இன்னொருவர், ஒரே ஒருவர், தன் காசைக் கூடப் போடலாம் என்று விதி வையுங்கள். இரண்டு பேர் முதல் சுற்றில் செலவழிக்காமல் பிடித்து வைத்தால் இரண்டாவது சுற்றில் 4 + 4, சரியாக 8. அவர்கள் சும்மா இருக்கும் அந்த ஒரு சுற்றை மற்ற இருவரும் தாங்கிப்பிடிக்க வேண்டும். விலையை 10 என்று வைத்தால் மூன்றாவது சுற்று வரை பொறுக்க வேண்டும், 11 என்று வைத்தால் யாராலும் வாங்கவே முடியாது, அதைச் சீட்டில் அச்சடிப்பதே வீண். ஒற்றைக் காசு பாஸுக்கா ஆடுபவருக்கா என்பதை விதியில் தெளிவாக எழுதிவிடுங்கள். ஆடுபவருக்கு என்றால் தனியாள் உச்சவரம்பு 5-லிருந்து 6-க்குப் போய்விடும், அந்த ஒரு காசு முழு ஆட்டத்தையும் மாற்றிவிடும்.

காசைச் சும்மா கைமாற்ற மட்டும் விடாதீர்கள். விட்டால் எல்லாம் ஒருவர் கையில் குவிந்து, பழைய தலைவரே திரும்பி வந்துவிடுவார்.

பறித்த காசு எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். பெட்டிக்குள் திரும்பிப் போனால் யாருக்கும் உறைக்காது. பாஸ் சீட்டின் மேலேயே குவித்து வையுங்கள், அங்கே 20 சேர்ந்தால் தோல்வி. 8 காசுச் சீட்டை இறக்க ஒவ்வொரு முறையும் இரண்டு பேரிடமிருந்து 2 + 2, ஆக 4 காசு பாஸிடம் போகும். மற்ற இருவரும் ஒரு காசும் மிச்சம் வைக்கவில்லை என்றால் அந்தச் சீட்டை நான்கு முறை இறக்கலாம், ஐந்தாவது முறைக்குச் சேர்க்க ஆரம்பித்த சுற்றிலேயே 20 நிறைந்துவிடும். பாஸின் உயிரை அந்த நான்கு அடிகளோடு எட்டுச் சுற்றுச் சில்லறை அடிகளையும் கூட்டி, அதைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்தால் ஆட்டம் கடைசி வரை இழுத்துப்பிடித்து நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவரே எல்லாருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தால், எவ்வளவு வைத்துக்கொள்கிறோம் என்பதை மூடிய கைக்குள் வைத்து எல்லாரும் ஒரே நேரத்தில் திறக்கச் சொல்லுங்கள். திறப்பதற்கு முன் பேச்சு கிடையாது.

கேள்வி: மிச்சம் வைத்ததைப் பிடுங்கும் பாஸுக்குப் பதிலாக, யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவரிடம் மட்டும் பிடுங்கும் பாஸ் நன்றாக இருக்காதா?

பதில்: இருக்கும், இரண்டு மூன்று ஆட்டங்களுக்கு. அதற்குள் ஒருவர் பலியாடாக நின்று மற்றவர்களைக் காப்பாற்றலாம் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள், அப்புறம் எல்லா ஆட்டமும் அப்படியேதான் போகும். கடைசி பாஸுக்கு வேண்டாம், நடுவில் வரும் சின்ன எதிரிக்கு வையுங்கள்.

கேள்வி: ஆர்காம் ஹாரர் கார்டு கேமில் பாரனோயா என்ற பலவீனச் சீட்டு என் டெக்கில் (சீட்டுக்கட்டில்) விழுந்தது. சேர்த்து வைத்த ரிசோர்ஸ் (அந்த விளையாட்டின் காசு) எல்லாம் ஒரே நொடியில் காலி. இதற்கு மருந்து உண்டா?

பதில்: உண்டு, காசே இல்லாமல் வாழப் பழகுவது! கிண்டல் இல்லை, அந்த விளையாட்டில் அப்படி ஒரு டெக் வகையே இருக்கிறது. டார்க் ஹார்ஸ் என்ற சர்வைவர் வகைச் சீட்டு உங்களிடம் ரிசோர்ஸ் ஒன்றும் இல்லாதபோது உங்கள் திறன்கள் ஒவ்வொன்றுக்கும் 1 கூட்டிக் கொடுக்கும். அதோடு ஃபயர் ஆக்ஸ் சேர்ந்தால் இன்னும் ருசி. அதை வைத்து அடிக்கும்போது ஒரு ரிசோர்ஸ் கொடுத்தால் சண்டைத் திறன் 2 கூடும், கையில் ரிசோர்ஸ் இல்லையென்றால் கூடுதலாக 1 சேதம். அடிக்கிற அடியிலேயே கடைசிக் காசையும் போட்டுவிட்டுச் சுழியத்துக்கு வந்தால் இரண்டு பலனும் ஒன்றாகக் கிடைக்கிறது. இப்படி ஆடுகிறவருக்குப் பாரனோயா வந்தால் தூக்கிப் போட அவரிடம் என்ன இருக்கப்போகிறது?

ஆனால் அணியில் எல்லாருமே ஏழையாக ஆடக் கூடாது. தொடக்கத்தில் 5 ரிசோர்ஸ், சுற்றுக்கு 1 என்ற வரவில் பெரிய ஆயுதம், துணையாள் என்று விலை உயர்ந்த சீட்டுகளை இறக்க யாராவது ஒருவர் சேமித்துத்தான் ஆக வேண்டும். பாரனோயா அந்த ஆளிடம் போனால் வலிக்கும், அப்போது அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: 3 காசுச் சீட்டு கையில் இருக்கும்போது 'அடுத்த சுற்றில் 5 காசுச் சீட்டு வரலாம்' என்று காத்திருக்காமல் இப்போதே இறக்குவது.

கேள்வி: போக்கர் கைகளை வைத்து ஆடும் கணினி விளையாட்டான பலாட்ரோ தனியாள் ஆட்டம் என்று தெரியும், ஆனாலும் மூன்று பேர் ஒரே திரை முன்னால் உட்கார்ந்து கூடிப் பேசித்தான் ஆடுகிறோம். அதில் தி டூத், தி ஆக்ஸ் என்ற இரண்டு பாஸ்களிடமும் காசு போகிறது. எது மோசம்?

பதில்: டூத் வெறும் சில்லறைத் தொல்லை. ஆடும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு டாலர் போகும், வழக்கமான நான்கு கைகளிலும் (ஒரு முறை இறக்கும் சீட்டுகள்தான் ஒரு கை) ஐந்தைந்து சீட்டு ஆடினாலும் மொத்தம் 20 டாலர்தான். சீட்டைக் கழித்துப் போட்டால் காசு போகாது, எனவே நன்றாகக் கழித்துத் தேடிவிட்டுக் குறைந்த சீட்டில் அடியுங்கள். மூன்று ஒரே எண் சீட்டு இருந்தால் அந்த மூன்றை மட்டும் ஆடுங்கள், சும்மா இரண்டு சீட்டை ஒட்டவைக்காதீர்கள்.

ஆக்ஸ்தான் வில்லன். அந்த ஆட்டத்தில் அதுவரை நீங்கள் அதிகம் ஆடிய கை வகையை (ஜோடி, மூன்று ஒரே எண் என்பவை போல) மறுபடி ஆடினால் கையிருப்பு சுழியம். ஐந்து டாலருக்கு ஒரு டாலர் என்று கையிருப்பில் 25 டாலர் வரைக்கும் வட்டி வருவதால் நாம் எல்லாரும் 25-ஐப் பிடித்துத் தொங்குகிறோம், ஆக்ஸ் வந்து அந்தப் பழக்கத்தைச் சரியாகக் குறிபார்த்து அடிக்கிறது. ஆனால் எந்த பாஸ் என்பது ஆன்டி (பாஸோடு முடியும் ஒரு கட்டம்) தொடங்கும்போதே தெரிந்துவிடுகிறதே, பாஸுக்கு முன் இரண்டு முறை கடைக்கும் போகிறீர்கள். இரண்டாவது வகைக் கை ஒன்றைத் தயார் செய்யலாம், அது முடியாதென்றால் காசைக் கடையில் கரைத்துவிட்டுப் போகலாம். பாஸின் சக்தி வேலை செய்யும் கை ஒவ்வொன்றுக்கும் 8 டாலர் தரும் மெடடார் என்ற ஜோக்கர் (சிறப்புச் சக்திச் சீட்டு) கிடைத்தால் டூத் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கும் பாஸாகிவிடும்: ஐந்து சீட்டு ஆடினாலும் 3 டாலர் லாபம்.

மூன்று பேரில் ஒருவர் மட்டும் 'வட்டி போகும்' என்று அரற்றிக்கொண்டே இருப்பாரே, அவரிடம் மவுஸைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: காசு டோக்கனே இல்லாமல் இதே வலியைக் கொடுக்கும் கூட்டு விளையாட்டு ஏதாவது?

பதில்: ரெஜிசைட். ஒரு சாதாரணச் சீட்டுக்கட்டு போதும். ஜாக், ராணி, ராஜா பன்னிரண்டு பேரும் பாஸ்கள். ஜாக்குக்கு உயிர் 20, தாக்குதல் 10. ராணிக்கு 30, 15. ராஜாவுக்கு 40, 20. பாஸ் திருப்பி அடிக்கும்போது அந்த அளவுக்கு மதிப்புள்ள சீட்டுகளைக் கையிலிருந்து கழித்துப் போட வேண்டும், போட முடியாவிட்டால் அணி மொத்தமும் தோல்வி. நான்கு பேர் ஆடினால் கையில் அதிகபட்சம் ஐந்து சீட்டுதான், யாரிடம் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. அடிக்கப் பயன்படும் அதே சீட்டுதான் அபராதம் கட்டவும் வேண்டும் என்பதால் பெரிய 10-ஐ இப்போது வீசுவதா, ராஜா வரும்போது கட்டுவதற்கு வைத்திருப்பதா என்று ஒவ்வொரு முறையும் வயிறு கலங்கும். டைமண்ட் ஆடினால் எல்லாருக்கும் புதுச் சீட்டு, ஸ்பேட் ஆடினால் பாஸின் தாக்குதல் குறையும், ஆனால் எதிரே இருக்கும் பாஸ் எந்த ஜாதியோ அந்த ஜாதியின் சக்தி அதனிடம் பலிக்காது. பாஸை மிச்சமில்லாமல் சரியான எண்ணிக்கையில் கொன்றால் அதே சீட்டு உங்கள் எடுப்புக்கட்டின் மேலே வந்து உட்காரும், ராஜாவையே கூலியாளாக்கும் சுகம் தனி.

ஏயான்ஸ் எண்ட் என்ற கூட்டுச் சீட்டு விளையாட்டில் பிரின்ஸ் ஆஃப் கிளட்டன்ஸ் என்று ஒரு பாஸ் உண்டு, அது உங்கள் காசைத் தொடாது, நீங்கள் வாங்க வைத்திருக்கும் கடைச் சீட்டுகளைத் தின்றுகொண்டே போகும். வாங்க நினைத்ததைக் கண்முன்னே விழுங்கும்போது வரும் எரிச்சல் காசு போவதைவிடக் குறைவில்லை.

கேள்வி: எங்கள் ஆட்டத்தில் ஒரு திருடன் காசை எடுத்துக்கொண்டு சில சுற்றுகளில் ஓடிவிடுவான். அவனைத் துரத்துவதா, பெரிய எதிரியை அடிப்பதா என்று தினம் சண்டை.

பதில்: ஸ்லே த ஸ்பயர் என்ற கணினிச் சீட்டு விளையாட்டை ஆடியிருந்தால் லூட்டர் என்ற திருடனைத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு அடியிலும் 15 தங்கம் திருடுவான், கொஞ்ச நேரத்தில் புகைக்குண்டு போட்டு ஓடுவான், அதற்குள் கொன்றால் திருடியது முழுக்கத் திரும்ப வரும். உங்களுக்கும் அதே யோசனைதான்: அவன் கையில் இருக்கும் காசுக்கு அடுத்த கடையில் என்ன கிடைக்கும், துரத்தும்போது பெரிய எதிரியிடம் எவ்வளவு உயிர் போகும், இரண்டையும் ஒப்பிடுங்கள். இனிமேல் கடையே இல்லை என்றால் அவன் போகட்டும், கையசைத்து அனுப்பிவையுங்கள். இழந்த காசு பெற்ற காசைவிடப் பெரிதாகத் தெரியும் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவிட்டார்கள், உங்கள் மேசைச் சண்டைக்கும் காரணம் அதுதான்.

கேள்வி: காசு சுழியத்துக்குக் கீழே போகலாமா? கடன் விதி வைக்கலாமா?

பதில்: தாராளமாக. பலாட்ரோவின் கிரெடிட் கார்டு ஜோக்கர் 20 டாலர் வரை கடனில் போக விடுகிறது, அப்படி ஒரு எல்லை மட்டும் கட்டாயம் வேண்டும். கடனைத் தனியாள் பெயரில் எழுதாமல் அணியின் பெயரில் எழுதுங்கள், பாஸைக் கொன்ற பிறகு கிடைக்கும் பரிசிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதுவே கடைசி பாஸ் என்றால் கடன் விதியை எடுத்துவிடுங்கள், திருப்பிக் கட்ட வேண்டிய நாளே வராது என்று தெரிந்தால் எல்லாரும் முதல் சுற்றிலேயே எல்லை வரை வாங்கிவிடுவார்கள்.