பஞ்சாயத்து லிஸ்ட்ல மட்டும் பேர் இல்லையா?

வோட்டர் ஐடி கார்டு இருந்தா மட்டும் பஞ்சாயத்து தேர்தல்ல ஓட்டு போட முடியாது, லிஸ்ட்ல பேர் இருக்கணும். கேரளாவுல தேவிகுளம் தொகுதியில சட்டசபைக்கு ஓட்டு போட்டேன், பஞ்சாயத்து லிஸ்ட்ல மட்டும் பேரக் காணோம்னு கேட்டிருக்கீங்க. ரெண்டும் வேற வேற லிஸ்ட். சட்டசபைக்கு மத்திய தேர்தல் கமிஷன் போடுது, பஞ்சாயத்துக்கு கேரளா மாநில தேர்தல் கமிஷன் தனியா போடுது, ஒண்ணுல சேர்த்தா இன்னொண்ணுல தானா ஏறாது.

பேர் நிஜமாவே விட்டுப்போச்சான்னு முதல்ல பாருங்க. 2025 தேர்தலுக்கு முன்னாடி வார்டு எல்லையெல்லாம் மாத்திட்டாங்க, அதனால ஒரே லயத்துல (எஸ்டேட் லைன் வீட்டுல) இருந்தவங்க பேர்கூட பக்கத்து வார்டுக்குப் போயிருக்கலாம். மாநில கமிஷன் சைட்ல வார்டு பார்க்காம வோட்டர் ஐடி நம்பர் போட்டுத் தேடுங்க, இல்ல பஞ்சாயத்து ஆபீஸ்ல பக்கத்து வார்டு லிஸ்டையும் கேட்டு வாங்கி வீட்டுப்பேர், அப்பா பேர் வச்சு பாருங்க, நம்ம பேர மலையாளத்துல எழுதறப்போ முருகேசன் முருகேஷ் ஆயிடுவாரு.

இல்லவே இல்லைன்னா பேர் சேர்க்க ஃபார்ம் 4, வார்டு மாத்த ஃபார்ம் 7, பஞ்சாயத்து செக்ரட்டரிதான் முடிவு பண்ணுவாரு. வார்டு மெம்பர் பாத்துக்கிறேன்னு சொன்னா நம்பி உக்காந்திராதீங்க.

ஒண்ணு, போடி பக்கம் சொந்த ஊர்லயும் பேர் இருந்தா முதல்ல அத நீக்குங்க. ஃபார்ம்ல பொய்யா எழுதிக் குடுத்தா கேஸ் ஆயிடும்.